பசுந்தாங்கில் கிடைத்த மூன்றலகுக் கத்தி

யாங்கோனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்தது ஓரெழுத்துச் சொல். பர்மிய மொழியில் கத்திக்கு ‘டா’ என்று பெயர். காய் நறுக்கும் கத்தியும் டா, வெட்டரிவாளும் டா, அருங்காட்சியகத்து வாளும் டாதான். என் தகப்பனார் வயதுள்ள கடைக்காரரை நேருக்கு நேர் பார்த்து ‘டா’ என்று சொல்ல, தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு நாக்கு எழவில்லை. விரலை நீட்டிக் காட்டியே வருடங்களை ஓட்டினேன். என் கணவர் சண்முகம் இங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்தில் துறைமுக வேலைக்கு வந்த குடும்பம். “இதுல என்ன வெட்கம் புள்ள, டான்னு தைரியமா சொல்லு. அவங்களுக்கு அது மரியாதைக் குறைவு இல்ல” என்று சிரிப்பார்.

அந்தச் சொல்லை நான் வாய் திறந்து முதன்முதலாகச் சொன்னது, வந்து பத்து வருடத்துக்குப் பிறகு, ஊ டின் என்பவரிடம். கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். யாங்கோனில் நாங்கள் குடியிருக்கும் பசுந்தாங் பகுதியில், எங்கள் தெருமுனையில் ஒரு தார்ப்பாய் விரித்து, பழைய பூட்டு, கடிகாரம், மூக்குக்கண்ணாடி, ரேடியோவின் உள்ளுறுப்புகள் என்று பரப்பி வைத்திருப்பார். ஒருநாள் காய்கறிப் பையோடு கடந்து போகையில், குவியலுக்கு நடுவில் பழுப்பு நிற எலும்புப் பிடி ஒன்றின் நுனி தெரிந்தது. கால் நின்றுவிட்டது. “டா” என்றேன். அவர் தமக்குப் பின்னாலிருந்து முழங்கை நீள அரிவாளை எடுத்து நீட்டினார். இல்லை என்று தலையாட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மடக்கிக் காட்டினேன். மடக்கு விசிறியை எடுத்தார். மறுபடி மடக்கினேன். மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. கடைசியில் நானே குனிந்து எடுத்துவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, “யாபாடே, யாபாடே” என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் எதற்கும் அதைத்தான் சொல்வார்கள்.

அது மூன்றலகு மடக்குக்கத்தி. வளைந்த நுனியோடு ஒரு நீள அலகு, நேர்விளிம்பில் ஒன்று, மொட்டை மூக்கோடு ஒரு குட்டை அலகு. நீள அலகின் அடியில், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்கு, யு.எஸ்.ஏ. என்று பொறித்திருந்தது. என் அப்பாவிடம் இருந்ததும் இதே வகைதான். அப்பா தூத்துக்குடியில் தோணித் தண்டல், தோணியை நடத்துகிற தலைமை மாலுமி. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். கோதுமை கொண்டுவந்த அமெரிக்கக் கப்பலின் மாலுமி ஒருவன், ஒரு தார் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு அந்தக் கத்தியைக் கொடுத்தானாம். அப்பா நீள அலகால் மீன் அறுப்பார், நேர் அலகால் கயிறு வெட்டுவார், குட்டை அலகால் எனக்குப் பென்சில் சீவித் தருவார். கேட்டால் கையில் மட்டும் தரமாட்டார். “பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குட்டி கத்தி?” அவருக்குப் பிறகு அது அண்ணன் கைக்குப் போனது. அண்ணன் அதை எந்தப் பேருந்திலோ தவறவிட்டான். அவனுக்கு அது ஒரு கத்தி, அவ்வளவுதான். நான் பத்து நாள் அவனோடு பேசவில்லை.

அன்று வாங்கியதோடு நிற்கவில்லை. ஊ டினின் பழைய கூட்டாளிகள் அமெரிக்கத் துறைமுகங்களில் வாங்கியவை, இரண்டாம் உலகப் போரில் வந்த சிப்பாய்கள் இங்கே விட்டுப்போனவை என்று ஒவ்வொன்றாக அவர் கடைக்கு வந்து சேரும். முழுக்க எஃகில் செய்த பட்டாளத்துக் கத்தி, மின்கம்பம் ஏறுகிறவர்களுக்கான திருப்புளி வைத்த கத்தி, மீன் செதில் சுரண்டும் பல்லுள்ள கத்தி. சீனர்கள் வாழும் லத்தா பகுதிக் கடைகளில் இதே தோற்றத்தில் போலிகளும் கிடைக்கும். ஊ டின் கண்ணை மூடிக்கொண்டு அலகை மடக்கச் சொல்வார். நல்ல கத்தி ‘டக்’ என்று ஒரே சொல்லாகப் பேசும். போலி இழுத்து முனகும். நாங்கள் இருவரும் நடைபாதையில் உட்கார்ந்து திறப்பதும் மடக்குவதுமாக இருப்பதைப் பார்த்து, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் டோ கின் தலையிலடித்துக்கொள்வாள். “மா வாலிக்கு யார் மேல கோபம்? இத்தனை டா எதுக்கு?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள். ஊ, டோ போல மா என்பதும் இங்கே பேருக்கு முன் வைக்கிற மரியாதைச் சொல்; வள்ளி என்ற பெயர் அவள் வாயில் வாலியாகிவிட்டது. கோபமில்லை, ஆசை என்று சொல்ல நினைத்து, பர்மியச் சொல் கிடைக்காமல் விட்டுவிட்டேன். அமெரிக்காவைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதுமில்லை. அதன் கத்திகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் தேங்காயெண்ணெய் தடவி வைத்திருந்தேன். பழம் நறுக்கக்கூட எடுத்ததில்லை.

பிறகு அந்தப் புயல் வந்தது. ஊரிலிருப்பவர்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். விடிந்த பிறகும் காற்று ஓயவில்லை. நண்பகல் வாக்கில் அடங்கியபோது பால்கனிக்குப் போய்ப் பார்த்தோம். தெருவே இல்லை, மரங்களும் தகரக் கூரைகளும்தான் கிடந்தன. ஒரு பெரிய மரம் எங்கள் மாடிப்படி வாசலை அடைத்துக்கொண்டு விழுந்திருந்தது. கொடிக்கயிறு, கேபிள், தார்ப்பாய் எல்லாம் கிளைகளில் சுற்றிப் பின்னிக் கிடந்தன. கீழே ஆண்கள் அரிவாளால் கிளையை வெட்டினார்கள். அறுக்க வேண்டியதை அறுக்க ஆளுக்கொரு கத்தி இல்லை. டோ கின்னின் மருமகன் கோ மின் மேலே அண்ணாந்து பார்த்தான். “மா வாலி! உங்க டா எல்லாம் குடுங்க!”

சண்முகம் என்னைப் பார்த்தார். “உன் சாமான். நீயே சொல்லு” என்றார்.

இங்கே மாடி வீடுகளில் செய்தித்தாளையும் காயையும் மேலே இழுக்கத் தெருவரை ஒரு கயிறு தொங்கும். அதில் கூடையைக் கட்டி, டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டு இறக்கினேன். மூன்றலகை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன். கூடை காலியாகித் திரும்பி வந்தது. “இன்னும் ஒண்ணு இருக்கா?” என்றான் கோ மின். தார்ப்பாய் ஒன்றின் அடியில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. மூன்றலகையும் போட்டு இறக்கிவிட்டேன். அந்தத் தார்ப்பாயைக் கிழித்து அவன் வெளியே இழுத்தது ஊ டினை. சரக்கைக் காப்பாற்றுவதாக எண்ணி அதன் மேலேயே படுத்திருக்கிறார். தோளில் அடி, உயிருக்கு ஒன்றுமில்லை.

சாயங்காலம் கத்திகள் கூடையில் ஏறி வந்தன. ஒன்றின் நுனி ஒடிந்திருந்தது, இன்னொன்றின் பிடி பிளந்திருந்தது. மூன்றலகு வரவில்லை. ஐராவதி முகத்துவாரத்தில் இருக்கும் தன் கிராமத்தைப் பற்றித் தகவலே இல்லாததால், கோ மின் மறுநாள் விடியும் முன்பே ஒரு மூட்டை அரிசியோடு கிளம்பிப் போய்விட்டான், சட்டைப்பையில் அந்தக் கத்தியோடு. டோ கின் மாடியேறி வந்து, “வந்ததும் வாங்கித் தருகிறேன்” என்றாள். நான் “யாபாடே” என்றேன். இரண்டு நாள் பிஸ்கட் டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அவன் போயிருக்கும் இடத்தைப் பற்றிச் செய்திகள் வரவர, கத்திக்காகக் கலங்கியதை வெளியே சொல்லவும் முடியவில்லை.

பல வாரம் கழித்து வந்தான். பாதி ஆளாக இருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றான்.

“அமா” என்றான். அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “அப்பா அம்மா கிடைக்கல. தம்பி மட்டும் இருக்கான். அவன்கிட்ட இடுப்புத் துணியைத் தவிர எதுவும் இல்ல. உங்க டாவை வெச்சு ஓலை அறுத்து, கயிறு வெட்டி, ஒரு குடிசை போட்டோம். மீனும் அதுலதான் அறுத்தோம். கிளம்பும்போது அவன் கையிலேருந்து வாங்க எனக்கு மனசு வரல. வேற வாங்கித் தர்றேன்.”

“வேண்டாம்” என்றேன்.

“அந்தக் குட்டை அலகு எதுக்குன்னு தம்பி கேட்டான். எனக்கும் தெரியல.”

“பென்சில் சீவ” என்றேன்.

அவன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். சண்முகம் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஊ டின் மறுபடி கடை விரிக்கிறார். மூன்றலகு எதுவும் இதுவரை வரவில்லை; நானும் தேடச் சொல்லவில்லை. போன வாரம் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டான். வயதாக ஆக அவனுக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது போல.

“ஏ வள்ளி, அப்பா கத்தி மாதிரியே ஒண்ணு கெடச்சிச்சின்னு சொன்னேல்லா, வரும்போது அதக் கொண்டுட்டு வாறியா? பேரனுக்குக் காட்டணும்.”

“அது இங்க இல்லண்ணே. ஊர்ல இருக்கு.”

“ஊர்லயா? இங்க யார்ட்ட குடுத்த?”

அப்போதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. நான் ஒருமுறைகூடப் பார்க்காத, பேரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒரு கிராமத்தை ஊர் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு எங்கிருந்து விளக்கத் தொடங்குவது? அதற்குள் கீழேயிருந்து டோ கின் கூப்பிட்டாள், மொஹிங்கா ஆறுகிறதாம். “எப்பத்தான் வாற?” என்றான் அண்ணன் இந்தப் பக்கம். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்து “லாமே” என்று கத்தினேன். கையை எடுத்து “வாறேன்” என்றேன். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் பால்கனிக்கும் தொலைபேசிக்கும் நடுவில், அதன் கம்பி எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.