சுமதியின் சைக்கிளில் நான் மாட்டிய பழைய சக்கரம்

பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு, நானும் என் மனைவி சுமதியும் பட்டாபிராமிலிருந்து திருவேற்காடு கோயிலுக்குச் சைக்கிளில் கிளம்பினோம். போக ஏறக்குறைய பதினாலு கிலோமீட்டர். அன்று அவளுக்கு நாற்பதாவது பிறந்த நாள். ஒரு தடவையாவது தானே மிதித்துப் போய் அம்மனைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கிளம்புவதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் சைக்கிளின் பின் சக்கரத்தில் ஒரே மாதத்தில் மூன்று போக்ஸ் கம்பி உடைந்தது. கோவில்பதாகையில் கடை வைத்திருக்கும் தாஸ் ஒவ்வொரு தடவையும் புதுக்கம்பி போட்டு, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை, எல்லாக் கம்பியையும் மாற்றாமல் இதை ஓட்டாதே என்றார். நான் எனக்குப் புதுச் சக்கரமே வாங்கிக்கொண்டேன்: இரட்டைச் சுவர் ரிம், முப்பத்தாறு துருப்பிடிக்காத கம்பி, 2,900 ரூபாய். பழையதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. சுமதி சைக்கிளின் பின் சக்கரம் பள்ளத்தில் விழுந்து நெளிந்திருந்தது. அவள் ஒல்லி, மெதுவாகத்தான் ஓட்டுவாள், அவளுக்கு இது போதும் என்று நானே மாட்டினேன், தாஸ் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

காலை 5.40க்குப் புறப்பட்டு 6.05க்கு ஆவடி. டீ பதினைந்து ரூபாய், சூடு மட்டும்தான் இருந்தது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் சாலை நன்றாகவே இருக்கிறது. சுமதி முன்னால் போனாள், நான் பின்னால் படம் எடுத்துக்கொண்டே போனேன். அவள் பின் சக்கரத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்தான். கோயிலுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

6.50க்குப் பூந்தமல்லி சாலையில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் சக்கரம் நெளிந்து சட்டத்தில் சிக்கியது. வலப்பக்கம் சாலைக்குள் விழுந்தாள். பின்னால் வந்த தண்ணி லாரி பத்தடி தள்ளி நின்றது. அந்த ஓட்டுநர்தான் இறங்கி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 250 ரூபாய். வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள்.

சுமதி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். நான்கு மாதம் ஆகிறது, இன்னும் கத்தரிக்கோலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "நான்தாங்க பிரேக்கச் சட்டுனு புடிச்சிட்டேன்" என்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

போன செவ்வாய் அந்தச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு ரயிலில் ஆவடி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தாஸ் கடைக்குப் போனேன். பிரேக்கால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். ஆகும் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரே பக்கத்தில் நாலு கம்பி, வளைகிற இடத்தில் அறுந்திருந்தது.

"மீதி கம்பியும் அதே கெதிதான்னு அப்பவே சொன்னேனே அண்ணாத்தே. இத்த மாட்டிகினு யாரு ஓட்னது?"

சொன்னேன். அவர் வேறு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார்.

சைக்கிளில் போகத் திட்டமிடுகிறவர்கள் கேளுங்கள். கிளம்பும் முன் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள், ஒன்று மட்டும் தொளதொளவென்றிருந்தால் கிளம்பாதீர்கள். இரண்டாவது கம்பி உடைந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள், கூலியோடு ஆயிரத்துக்குள் முடியும். நம் சாலைக்கு முப்பத்தாறு கம்பிக்குக் குறைவான சக்கரம் வாங்காதீர்கள். வழியில் சத்தம் கேட்டால் இறங்குங்கள். உங்களுக்கு ஆகாது என்று கழற்றியதை வீட்டில் யாருக்கும் மாட்டாதீர்கள்.

என் பதிவுகளை முதலில் படிப்பவள் சுமதிதான். இதையும் ஞாயிறு சாயங்காலம் அவளிடம் கொடுத்தேன். போனை இடது கையில் வாங்கி, மேலிருந்து இரண்டு தடவை படித்தாள்.

"போட்டுடுங்க" என்றாள்.

இன்று புதன். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.