பாசிமுகன் போட்ட சத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. பூதம் வரைகிறவள் நான். எந்த இடத்தில் நிழல் போட்டால் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும் என்று தெரிந்தவளுக்கு, இருட்டில் வாழைமரம் ஆடினால் வாழைமரம்தான் ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போவேன். ஃபாதர் சாத்தானைப் பற்றிப் பேசினால்கூட அவனுக்குக் கொம்பை எந்தப் பக்கம் வளைக்கலாம் என்றுதான் என் புத்தி ஓடும். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

பகலில் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் டப்பாக்களுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தால் காமிக்ஸ். பழைய மலிவு விலை மர்மக்கதைப் புத்தகங்கள் என்றால் எனக்கு உயிர். அட்டையில் ஒரு பெண் அலறுவாள், அவள் தோளுக்குப் பின்னால் ஒரு கை நீளும், சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அதே மாதிரி ஒன்றை நானே எழுதி, வரைந்து, சொந்தச் செலவில் அச்சடித்தேன். சிவப்பைக் கொஞ்சம் தள்ளியே அச்சடியுங்கள் என்று நான் சொன்னபோது அச்சகத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெயர் ‘பாசிமுகன் வருகிறான்!’ செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளத்தில் ஒரு விஞ்ஞானி எதையோ கொட்டிவிட, அதிலிருந்து பாசிமுகன் எழுந்து தோட்டத்துக்குள் நடக்கிறான். அவனை மடக்குகிறவர் ஒரு லாரி ஓட்டுநர். அந்த ஓட்டுநருக்கு எங்கள் அப்பாவின் முகத்தைத்தான் கொடுத்திருந்தேன்.

அப்பா ரெங்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில் மட்டும் வராது. வாயைத் திறப்பார், உதடு நடுங்கும், காற்றுதான் வரும். என் தங்கை பிலோ சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு அவரோடு இருக்கிறாள். நான் சனிக்கிழமைகளில் போய்விட்டு ஞாயிறு திரும்புகிறவள்.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அப்பாவிடம்தான் கொண்டுபோனேன். சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம். பின்வாசலில் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்திருந்தாள் பிலோ. அங்கிருந்து பார்த்தால் ஒரு கால்வாய், அதற்கு அந்தப் பக்கம் செம்பனை மரங்கள், கண்ணுக்கு எட்டிய மட்டும். அப்பா இடது கையால் பக்கம் திருப்பினார். லாரி ஓட்டுநரைப் பார்த்துத் தன் மார்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். அடுத்த பக்கத்தில் பாசிமுகன் குளத்திலிருந்து எழுகிறான், பக்கம் முழுக்க அவன் போடும் சத்தத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

‘ழ்ழோஓஓம்ப்!’

தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது, மனுஷ வாயில் வராத மாதிரி இருக்கட்டும் என்றுதான் அப்படி எழுதினேன். நான்கூட அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. என் மனதுக்குள் மட்டும் அதற்கு ஓர் ஓசை உண்டு, அடித்தொண்டையில் ஆரம்பித்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுத்து வெட்டுகிற மாதிரி.

அப்பா அந்தப் பக்கத்தையே பார்த்தார். வாயைத் திறந்தார். அந்தச் சத்தத்தைப் போட்டார். கடைசி இழுப்பு உட்பட, என் மனதில் இருந்ததை அப்படியே போட்டார்.

பிலோ கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். “அக்கா! அப்பா பேசுறாருக்கா! கேட்டியா?” நானும் அழுதேன். நாங்கள் அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான், செம்பனைக்குள்ளிருந்து, ரொம்ப தூரத்தில், அதே சத்தம் வந்தது.

“எக்கோ லா,” என்றாள் பிலோ. நானும் அப்படித்தான் நினைத்தேன். எதிரொலி அவ்வளவு நேரம் கழித்து வருமா என்ற கேள்வி காரில் திரும்பும்போதுதான் வந்தது.

அந்த வாரம் முழுக்க பிலோ போன் செய்தாள். குளுவாங்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மலாய்க்காரப் பெண், எந்தச் சத்தம் வந்தாலும் விடாதீர்கள், தினமும் செய்ய வையுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். தினமும் சாயங்காலம் அப்பா பின்வாசலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். நடுவில் ஒரு நாள் ‘பி’ என்று வந்ததாம். “என் பேரைத்தான் சொல்ல வர்றாருக்கா,” என்று அவள் விம்மினாள். நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதற்கடுத்த நாள் பேசி முடித்துப் போனை வைக்கப் போகும்போது, ஏதோ அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்: “அந்த எக்கோ இன்னிக்கிக் கொஞ்சம் கிட்ட கேட்டுச்சுக்கா.”

ஏதாவது பறவையாக இருக்கும் என்றேன். தோட்டத்தில் வேலை செய்கிற பையன்கள் யாராவது வேடிக்கைக்குச் செய்கிறார்களோ என்றும் சொன்னேன். 

சனிக்கிழமை நானே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா சத்தம் போட்டார். பதில் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதாவது, நீங்கள் ஒரு ரம்புத்தான் பழத்தை எறிந்தால் போய் விழுகிற தூரத்திலிருந்து. தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹாஷிம் பாக்சிக் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, யார் அது என்று மலாயில் கேட்டார். நாங்கள் பதில் சொல்லாததைப் பார்த்து, சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் என்னோடு சேர்ந்து கற்பனை பண்ணினார் என்று சொல்வீர்களா?

நான் எழுந்து கால்வாய் வரைக்கும் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. மரம், காய்ந்த ஓலை, புல், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் மழைத்தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்த கால்வாயில், அலை மட்டும் ஓட்டத்துக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நடந்து வந்தால் முன்னால் தள்ளுமே, அந்த மாதிரி அலை. நடக்கிறவர்தான் இல்லை.

உள்ளே வந்து புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். பிலோ பையைப் பிடித்து இழுத்தாள்.

“எங்கக்கா எடுத்துட்டுப் போற?”

“வேணாம் பிலோ. இது சரியில்ல.”

“எது சரியில்ல? இத்தனை மாசமா அவரு வாயிலருந்து ஒண்ணுமே வரல. நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வாரம் ஒருக்கா வந்து போறவ. இப்பதான் ‘பி’ன்னு ஒரு எழுத்து வந்துருக்கு, அதையும் நீ எடுத்துட்டுப் போயிருவியா?”

“வெளிய இருக்கிறது உனக்குக் கேக்கலையா?”

“கேக்குது,” என்றாள். “எனக்கு அப்பா பேசணும்.”

ஆனாலும் புத்தகத்தைக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவள் என்னோடு சாப்பிடவில்லை.

மறுநாள் நான் கிளம்பவில்லை, கிளம்ப மனம் வரவில்லை. சாயங்காலம் பேய் மழை. அப்பா வழக்கம்போலப் பின்வாசலில் உட்கார வேண்டும் என்று இடது கையால் நாற்காலியைத் தட்டினார். கதவைத் திறந்து, வாசலுக்குக் கொஞ்சம் உள்ளேயே உட்கார வைத்தோம். கையில் புத்தகம் இல்லை. அவர் வாயையே திறக்கவில்லை.

வெளியே இருந்தது முதலில் கூப்பிட்டது. கால்வாயிலிருந்து இல்லை. துணி துவைக்கிற இடத்துத் தகரக் கூரைக்குக் கீழே, சுவரை ஒட்டி. அலமாக், ஐயோ, அந்தக் கடைசி மூச்சு இழுப்பை என் கழுத்துக்குப் பின்னால் உணர்ந்தேன். பிலோ என் கையைப் பிடித்தாள். ரெண்டு பேருக்கும் கதவைச் சாத்தத் தோன்றவில்லை.

அப்பா மெதுவாக இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையை வெளியே காட்டி, பின்னால் போ என்று அசைத்தார். தெளிவாக, நல்ல குரலில் சொன்னார்:

“கோஸ்தான்.”

வண்டியைப் பின்னால் எடுக்க இங்கே எல்லோரும் சொல்கிற வார்த்தை. லாரிக்குப் பின்னால் நின்று கையாள் கத்துவான், கோஸ்தான், கோஸ்தான் என்று. அப்பா அதே ராகத்தில் மறுபடி சொன்னார். வெளியே இருந்த அந்தச் சத்தம் கால்வாய்க்குப் போனது. அவர் மறுபடி சொன்னார், அது செம்பனைக்குள் போனது. ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லச் சொல்ல, அது கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, கடைசியில் மழைச் சத்தம் மட்டும்தான். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“பிலோ,” என்றார். “தே ஓ போடும்மா.” பால் விடாத தேநீர் கேட்டார்.

அன்றிலிருந்து அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. ஒரே நாளில் இல்லை, ஆனால் மளமளவென்று வந்தது. பயிற்சி கொடுத்த பெண்ணே ஆச்சரியப்பட்டாள். பிலோவும் நானும் சமாதானமாகிவிட்டோம். அந்தச் சத்தம் திரும்ப வரவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் சில மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்தத் தவக்காலத்தில் ஒரு நாள் காலைப் பசியாறலின்போது வாய் சும்மா இல்லாமல் அப்பாவைக் கேட்கும் வரைக்கும்.

“அன்னிக்கி மழையில, கோஸ்தான் கோஸ்தான்னு சொன்னீங்களேப்பா, யாரைச் சொன்னீங்க?”

அப்பா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே யோசித்தார். “நான் சொல்லலையேம்மா. நான்தான் அங்க, செம்பனைக்குள்ள இருந்தேனே. வழி தெரியாம ரொம்ப நாளாச் சுத்திக்கிட்டு இருந்தேன். யாரோ கூப்புட்டாங்க. சத்தம் வந்த பக்கமே நடந்து வந்தேன். வீட்டு லைட்டுகூடத் தெரிஞ்சுது, உங்க ரெண்டு பேரையும் பாத்தேன். அப்ப உள்ளருந்து ஒரு ஆள் கோஸ்தான், கோஸ்தான்னான். சரின்னு திரும்பிட்டேன்.”

பிலோ அடுப்பை அணைத்தாள்.

“அப்புறம் எப்பப்பா வீட்டுக்கு வந்தீங்க?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவின் அதே சிரிப்பு.

“வரலையேம்மா,” என்றார். பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு நினைவு இப்படிக் குழம்புவது உண்டு என்று டாக்டர் சொன்னார். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிலோ இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அன்றிலிருந்து, அப்பா தூங்கப் போன பிறகு, அவள் பின்வாசல் விளக்கைப் போட்டு, கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள்.