அவர் ஏன் ஐபோனுக்கு மாறினார்

கமரா நல்லது என்பதற்காக இந்தப் போனை வாங்கினேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. எங்கள் தீவில் கமராவுக்காகப் போன் வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. எல்லாருக்கும் வேறொரு காரணம் இருக்கிறது. கேட்டால் அதைச் சொல்லாமல் கமரா என்பார்கள்.

எங்கள் ஒழுங்கையின் முதல் வீட்டு மாமியிடம் இருப்பது ஐபோன். கனடாவில் இருக்கும் மகள் அனுப்பியது. மாமிக்கு அதில் பச்சையை அமத்தத் தெரியும், சிவப்பை அமத்தத் தெரியும், வேறொன்றும் தெரியாது. மகளிடமும் அதே போன் இருப்பதால் தாய் எங்கே நிற்கிறார் என்று அங்கிருந்தே பார்க்கலாமாம். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மகளுக்குப் பிடிக்காத தன் தங்கச்சி வீட்டுக்கு மாமி போனால், கொஞ்ச நேரத்தில் கனடாவிலிருந்து அழைப்பு வந்துவிடும். இப்போது மாமி போனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத்தான் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். என்னோடு கரம்பொன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒருத்தி, பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் ஐபோன்காரர் என்பதால் தானும் ஒன்று வாங்கினாள். கலியாணம் குழம்பிவிட்டது. போன் மட்டும் மிஞ்சியது. அவளும் கமரா என்றுதான் சொல்கிறாள்.

கடலுக்குப் போகிறவர்கள் வேறு கணக்கு. அவர்களிடம் இருப்பதெல்லாம் அன்ரோயிட், அதுவும் அனேகமாக ஒரே மாதிரி. வெயிலில் திரை தெரிய வேண்டும், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் மணி கேட்க வேண்டும், தண்ணீருக்குள் விழுந்தால் பெரிதாக அழுகை வரக் கூடாது. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அதனால்தான் என் மனுசன் திடீரென்று ஐபோனோடு வீட்டுக்குள் வந்த அன்று நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன்.

அதற்கு முந்திய கதையைச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் மனுசனுக்குக் கடல்தான் தொழில். கூடு வைத்து மீன் பிடிக்கிறவர். கம்பியால் பின்னிய கூட்டைக் கடலடியில் மீன் ஒதுங்கும் கல்லுத்திட்டில், நாங்கள் பார் என்று சொல்லும் இடத்தில், இறக்கிவிட்டு வந்து, மூன்று நான்கு நாள் கழித்துத் தூக்குவார்கள். ஒராவும் விளைமீனும் அதற்குள் நிற்கும். என் தம்பிக்கும் அதே தொழில்தான், அவனுக்குத் தனி வள்ளம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கென்று இருப்பது நான் ஒருத்திதான். முப்பது வயதாகியும் கலியாணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் எங்கள் வீட்டில்தான் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு. அவனும் என் மனுசனும் ஒரே மேசையில் இருந்து மீன்தலைக்குச் சண்டை பிடிப்பதைப் பார்ப்பதுதான் என் கிழமையிலேயே எனக்குப் பிடித்த நேரம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மீன் எங்கே பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை, ஒருவரும் சொல்வதுமில்லை. தகப்பன்கூட மகனுக்கு வாயால் சொல்லமாட்டான். வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போவான். கோபுரத்துக்கு நேரே எந்தப் பனை வருகிறது என்று மகன் தானாகவே பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்ன இடம் வறண்டுபோகும் என்பார்கள். இப்போது பனையும் கோபுரமும் பார்க்கிற வேலையைப் போன் செய்கிறது. கூட்டை இறக்கின இடத்தில் வரைபடத்தைத் திறந்து ஒரு கொடியைக் குத்திவிட்டால், பிறகு மிதவை இல்லாமலே கூட்டைத் தேடிப் பிடிக்கலாம். மிதவை கட்டினால் மற்றவன் கண்டுவிடுவான்.

எங்கள் மூன்று பேருடைய அன்ரோயிட் போன்களும் ஒரே நாளில் வந்தவை. தம்பி அத்தான் வாங்கியதையே வாங்கினான். அவர் தன்னோடு தொழில் செய்கிறவர்கள் வைத்திருப்பதையே வாங்கினார். இரண்டு பேருடையதையும் பார்த்துக் கொடுக்க வேண்டியவள் நான் என்பதால் நானும் அதையே வாங்கினேன். கடைக்காரர் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஈமெயில் வேண்டும் என்றார். என்னிடம் மட்டும்தான் ஒன்று இருந்தது.

“ரீச்சர், இவைக்கும் தனித்தனியாத் திறந்து தரட்டோ?” என்று கேட்டார்.

“ஒரு குடும்பம்தானே. மூண்டுக்கும் என்ரயைப் போடுங்கோ” என்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன். சோம்பலால் மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. கடவுச்சொல் என் கையில் இருந்தால் இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று எப்போதாவது எட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு. பார்க்கவும் செய்தேன். மீன், கூடு, எஞ்சின், யாரோ ஒருவருடைய நாய். நான்கு மாதம் அவர்களுடைய படங்களைப் பார்த்து அலுத்து விட்டுவிட்டேன். வரைபடத்தை மட்டும் நான் ஒருநாளும் திறக்கவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இருப்பது ஒரு ரோட்டு, அதற்கு வரைபடம் எதற்கு?

போன வருசம் நல்ல மீன். அவர் புதுப் பார் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டு வருவதைப் பார்த்தாலே போதும். பிறகு ஒருநாள் சிரிப்பில்லாமல் வந்தார். கோப்பையில் இருந்த சோறு ஆறிப்போகும்வரை அளைந்துகொண்டிருந்தார்.

“உம்மட தம்பீன்ர கூடு என்ர கூட்டுக்குப் பக்கத்தில கிடக்குது” என்றார்.

கூட்டைத் தேடப் போட்ட கொழுக்கியில் தம்பியின் கூடு மாட்டுப்பட்டு வந்ததாம். அவன் கயிற்றில் போடுகிற முடிச்சு இவருக்குத் தெரியும். இவர்தான் பழக்கியது. திறக்காமல் அப்படியே திருப்பி இறக்கிவிட்டு வந்திருக்கிறார். பிறத்தியார் கூட்டை ஒருவரும் திறப்பதில்லை.

“பின்னால வந்து பாத்திருப்பானோ?” என்று கேட்டேன்.

“பின்னால ஒரு வள்ளமும் வரேல்லை. நான் கண் பொத்திக்கொண்டு போறனானோ?”

அந்தக் கிழமை அவர் ஞாயிறு மத்தியானம் கூடு பின்னுகிற அலுவல் என்று இறங்குதுறைக்குப் போய்விட்டார். மறு ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் ஞாயிறு தம்பி வரவில்லை. நான் சோற்றைக் கட்டிக்கொண்டு போனேன். வாங்கினான், ஆனால் உள்ளே வா அக்கா என்று கூப்பிடவில்லை. ஒரு பக்கம் கட்டினவர், மறு பக்கம் கூடப்பிறந்தவன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், எனக்கு இரண்டு பக்கமும் ஆடியது.

அதற்குள்தான் ஐபோன் வந்தது. திருவிழாவுக்குப் பிரான்சிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனாராம். என் மனுசன் தன் அன்ரோயிட்டை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“கமரா நல்லது.”

பாம்பின் கால் பாம்பறியும். நான் அன்றிரவு வேறென்னவெல்லாமோ யோசித்தேன், ஒரு பெண் இருக்கிறாளோ என்பது வரை போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. புதுப் போனுக்கு ஒரு நம்பர்ப் பூட்டும் போட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.

இரண்டு நாளில் தம்பி என்னைப் பஸ் தரிப்பில் மறித்தான்.

“அத்தான் ஏனக்கா போனை மாத்தினவர்?”

“கமராவாம்.”

“மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்” என்றான். “எங்களிட்ட இருந்து என்னத்தை மறைக்கிறார்?”

அவன் கேட்டதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றுக்காக யாழ்ப்பாணம் போக வேண்டி வந்தபோதுதான், மண்டபம் எங்கே என்று பார்க்க முதல்முறையாக வரைபடத்தைத் திறந்தேன். மண்டபத்தைக் கண்டேன். பிறகு சும்மா, எங்கள் வீடு அதில் எப்படித் தெரிகிறது பார்ப்போம் என்று விரலால் மேற்கே இழுத்தேன். வீடு தெரிந்தது. அதற்கும் மேற்கே, ஒரு மனுசரும் குடியில்லாத கடலில், பச்சைப் பச்சையாகக் கொடிகள். எண்ணினால் பதினேழு. ஒன்றில் “ஒறா” என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழை விட்டு எழுதியிருந்த விதத்திலேயே என் மனுசன் என்று தெரிந்தது.

போகிற பஸ்ஸில் இருந்தபடியே கணக்குப் பார்த்தேன். ஒரு ஈமெயில், மூன்று போன். ஒருவர் குத்தும் கொடி மற்ற இரண்டிலும் முளைக்கும். தம்பி எவர் பின்னாலும் போகவில்லை. கடலில் அவன் போனைத் திறந்தால் அத்தானின் தொழில் முழுவதும் அவன் முன்னால் விரிந்து கிடக்கும். அதை விரித்து வைத்தவள் நான். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இணையத்தைப் பாவிப்பது எப்படி என்று பாடம் எடுக்கிற நான்.

கருத்தரங்கில் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. திரும்பி வந்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போய்ப் போனைக் காட்டினேன்.

“இந்தக் கொடியளை நீ கண்டனியோ?”

“ஓம்.”

“ஆரின்ர எண்டு தெரியுமோ?”

“அத்தான்ர எண்டு பாத்த உடனை விளங்கிச்சுது.”

“பேந்து ஏனடா அதில போய்க் கூடு வைச்சனி?”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “அவர்தானே தந்தவர்” என்றான். “வாயால சொல்ல ஏலாது எண்டு போனில போட்டு விட்டிருக்கிறார் எண்டு நினைச்சனான். அப்பா இருந்திருந்தால் வள்ளத்தில கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவர் இப்பிடித் தாறார் எண்டு நினைச்சனான். சும்மா வாங்கக் கூடாது எண்டு நானும் என்ர இடம் ரெண்டை அவருக்குப் போட்டு விட்டனான். பேந்து அவர் முகத்தைத் திருப்பினார். தந்திட்டு ஏன் திருப்புறார் எண்டு எனக்கு விளங்கேல்லை.”

நான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே கேட்டது இதைத்தான்: “உண்மையோ? இல்லை, இப்ப யோசிச்சுச் சொல்லுறியோ?”

அவன் எழும்பிப் போய் வாசலில் நின்றான். நான் கேட்டிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈமெயில் என்னுடையது, பிழை என்னுடையது, தம்பி அதை அவர் தனக்குத் தந்தது என்று நினைத்திருக்கிறான் என்று. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தான் குத்தாத இரண்டு கொடி ஒருநாள் தன் போனில் நின்றதாகவும், யாரோ உள்ளுக்குள் பூந்துவிட்டான் என்றுதான் அந்தப் போனையே விட்டதாகவும் சொன்னார். ஐபோனுக்குள் ஒருவராலும் இலேசில் நுழைய ஏலாது என்று இறங்குதுறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கமராவும் இல்லை, பெண்ணும் இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பிறகு கேட்டார்: “தந்தது எண்டு நினைச்சானாமோ? இல்லாட்டி, அப்பிடிச் சொல்லச் சொல்லி நீர் சொல்லிக் குடுத்தனீரோ?”

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த அகப்பையை நிலத்தில் எறிந்தேன். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் தனித்தனி ஈமெயில் திறந்து, கடவுச்சொல்லை அவரவர் கையாலேயே போடச் சொல்லி, நான் மறுபக்கம் திரும்பி நின்றேன்.

அந்த ஞாயிறு தம்பி வந்தான். நான் கூப்பிடவில்லை, தானாக வந்தான். ஒரு கோர்வை ஒரா கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டு, மேசையில் அவருக்கு முன்னால் போய் இருந்தான். நான் சோறு போட்டேன். தம்பி தண்ணீர் குடித்தான். பிறகு, பூசையில் வாசகம் வாசிப்பது போல உரத்துச் சொன்னான்.

“அத்தான், இந்த மீன் பட்ட இடத்தைச் சொல்லுறன். அனலைதீவைக் கழிச்சு வடக்கால போங்கோ. கோயில் கோபுரம் கரையில நிக்கிற ரெட்டைப் பனைக்கு நடுவில வரும். அதில நிண்டு பத்து நிமிசம் மேற்க. என்ர நல்ல பார் அதுதான். அப்பா காட்டினது.”

நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில், ஏன் எந்த வீட்டிலும், ஒருவன் இப்படி வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். “ஓம்” என்று மட்டும் சொன்னார். பிறகு மீன்தலையை எடுத்துத் தம்பியின் கோப்பையில் வைத்தார். அவன் அதைச் சாப்பிட்டான். எனக்கு இனி வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது.

தம்பியின் சைக்கிள் ஒழுங்கை முடக்கில் திரும்பும் மட்டும் அவர் படலை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, நான் கோப்பை கழுவுகிற இடத்தில் நின்று, மெல்லச் சொன்னார்.

“அந்தப் பாரில மீன் அத்துப்போச்சாக்கும். இல்லாட்டி ஏன் வாயால சொல்லுறான்?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொல்லி முடித்த அந்த நிமிடமே, அகப்பையைக் கீழே வைத்தபோதே, எனக்கும் அதே கேள்வி வந்திருந்தது.