நுரை தள்ளிய கோகுலாஷ்டமி

ஐம்பது வயது வரைக்கும் நான் வளர்த்த ஒரே உயிர் என் தொப்பைதான். சோறு போட்டால் போதும், அது தானாக வளரும், பழக்க வேண்டியதில்லை. அந்த அனுபவத்தை நம்பித்தான், கோவிலூரில் நண்பர் வீட்டு நாய் குட்டி போட்டபோது செவலையாக ஒன்றைத் துண்டில் சுற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன்.

வாசலிலேயே மனைவி மறித்தாள்.

"யாரக் கேட்டுத் தூக்கிட்டு வந்தீக?"

"அதுவா பின்னாடியே வந்துருச்சு."

"பஸ்ஸுலயா?"

என் வாதம் அத்தோடு முடிந்தது. அவள் தீர்ப்பு சொன்னாள். கோகுலாஷ்டமி வரைக்கும் தவணை. அதற்குள் குட்டி வீட்டுக்குள் அசிங்கம் பண்ணுவதை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தூரில் இருக்கும் அவள் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விடும். அதுவரை பெயரும் வைக்கக் கூடாது.

"பேரு வச்சுட்டா அப்புறம் அனுப்ப மனசு வராது" என்றாள். யாருடைய மனசு என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து செல்போன்தான் எனக்கு வாத்தியார். அதில் ஒரு வெள்ளைக்காரர் பச்சைப் புல்வெளியில் நின்று விரலைச் சொடுக்குவார். அவருடைய குட்டி உடனே காரியத்தை முடித்துவிட்டு அவரைப் பெருமையாகப் பார்க்கும். என்னிடம் இருந்ததோ துணி துவைக்கிற கல்லும் ஒரு வாழையும் உள்ள கொல்லை. குட்டி பால் குடித்ததும் அங்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன். அது எறும்பைப் பார்க்கும், காக்காயைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். "போ ராசா, போயிரு ராசா, என் தங்கம்ல" என்று குனிந்து கெஞ்சிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரர் தலை தெரிந்தது.

"யாரண்ணே கெஞ்சிக்கிட்டு இருக்கீக?"

"குட்டியத்தான்."

"நான் அண்ணி கோவிச்சுக்கிட்டு ஊருக்குக் கெளம்புறாகளோன்னு நெனச்சேன்."

அரைமணி நேரம் கெஞ்சிவிட்டு உள்ளே தூக்கி வருவேன். கூடத்தில் இறக்கிவிட்டதும் குட்டிக்குக் கொல்லையில் வந்த வேலை ஞாபகம் வரும். மனைவி பார்ப்பதற்குள் என் துண்டாலேயே துடைத்துவிடுவேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லாத அளவுக்குத் துவைத்த துண்டுகள் என்னிடம்தான் இருந்தன. "திடீர்னு என்ன இம்புட்டுச் சுத்தம்?" என்று அவள் ஒருமாதிரி பார்த்தாள்.

கோகுலாஷ்டமியும் வந்தது. சாயங்காலம் அவள் பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, கையை மடக்கி மாவில் தோய்த்து, வாசலிலிருந்து சாமி அறை வரைக்கும் கண்ணன் பாதங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். விரல் நுனியால் ஐந்து பொட்டும் வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"செக்காலைக் கடைவீதிக்குப் போயி பூவும் வெண்ணெயும் வாங்கிட்டு வந்துர்றேன். காயிற வரைக்கும் குட்டி இங்குட்டு வராமப் பாத்துக்கங்க. இன்னிக்குத்தேன் கடைசி நாளு, தெரியும்ல?"

தெரியாமலா? அவள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தேன். 'உங்கள் நாய்க்குட்டி சொல்ல வருவதைப் புரிந்துகொள்வது எப்படி' என்று வெள்ளைக்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். அதில் மூழ்கிப்போய், பக்கத்தில் என் நாய்க்குட்டி ஏதோ சொல்ல வந்ததைக் கவனிக்கவில்லை.

முனகல் கேட்டுத் தலை நிமிர்ந்தேன். கொல்லைக் கதவடியில் குட்டி சுற்றிச் சுற்றி வந்தது. கதவைப் பிறாண்டியது. மறுபடி சுற்றியது. என்னைப் பார்த்துத் திரும்பியபோதுதான் பார்த்தேன்: வாய் முழுக்க வெள்ளை நுரை.

வெறிநோய்!

நாற்காலிமேல் ஏறி நின்றேன். என் இரண்டு கையிலும் அதன் பால்பற்கள் போட்ட கீறல்கள் இருந்தன. வெறிநோய் கண்டவனுக்குத் தண்ணீரைப் பார்த்தால் பயம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சோதித்துப் பார்க்கலாமென்று சொம்பை எட்டி எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். புரையேறியது. சரிதான், முடிந்தது கதை என்று உறுதியாகிவிட்டது.

ஆனாலும் அதை விட்டுவிட்டுப் போக மனசில்லை. போர்வையால் மூடிப் பொட்டலம்போலக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கால்நடை டாக்டர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் தள்ளியே உக்காந்து ஓட்டுங்க தம்பி. ரெண்டு பேருக்குமே வெறி" என்றேன். அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

டாக்டரம்மா போர்வையை விலக்கினார். நுரையை ஒரு விரலால் வழித்து முகர்ந்தார். பிறகு என்னை ஏறஇறங்கப் பார்த்தார்.

"வீட்ல கிருஷ்ணர் பாதம் போட்டிருக்கீகளா சார்?"

"ஆமா."

"இப்ப எத்தனை பாதம் மிச்சம் இருக்கு?"

"சுத்திச் சுத்தி வந்துச்சு டாக்டர், கதவப் பிறாண்டுச்சு..." என்று என் கட்சியை எடுத்துச் சொன்னேன்.

"வெளிய விடுங்கன்னு கேட்டிருக்கு சார். பாவம், இன்னும் அடக்கிக்கிட்டுத்தேன் நிக்குது. மொதல்ல எறக்கி விடுங்க."

இறக்கிவிட்டேன். குட்டி வாசல் தாண்டி வேப்பமரத்தடிக்கு ஓடியது. நீண்ட நேரம் நின்றது. பரீட்சையில் அது தேறிவிட்டது, வாத்தியார்தான் பெயில். அடுத்த தடுப்பூசிக்கு வரச்சொல்லி டாக்டரம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அனுப்பிவைத்தார்.

வீட்டு வாசலில் மனைவி பூவும் கையுமாக நின்றாள். உள்ளே பாதிப் பாதங்களைக் காணோம். நக்கிய இடமெல்லாம் ஈரம். அதன்மேல் சின்னச் சின்ன நாய்க்கால் தடங்கள் கூடத்தைக் கடந்து கொல்லைக் கதவு வரைக்கும் போயிருந்தன. அந்தத் தடங்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், நாற்காலிமேல் ஏறியதை மட்டும் விட்டுவிட்டு.

"நாற்காலிமேல உங்க காலடி இருக்கு" என்றாள்.

அப்புறம் போனை எடுத்தாள். நான் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அண்ணே, தோட்டத்துக்கு ஒண்ணு அனுப்புறேன்னு சொன்னேன்ல? குட்டிய அனுப்பல. அது கதவத் தட்டிக் கேக்கப் பழகிருச்சு. இவுகளத்தேன் பழக்க முடியல, இவுகள வேணும்னா அனுப்பவா?"

மறுமுனையில் அண்ணன் சிரிப்பது கூடம் வரைக்கும் கேட்டது. அவரும் என்னை வேண்டாமென்று சொல்லியிருப்பார்போல.

அவள் மாவை மறுபடி கலக்கி, போன பாதங்களை வைத்து முடித்தாள். பூஜை முடிந்ததும் ஒரு சீடையை நுணுக்கி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். சின்ன வயதில் என் அம்மா என்னைக் கூப்பிட்ட செல்லப் பெயர் அது.

நானும் குட்டியும் ஒன்றாக எழுந்து ஓடினோம்.