மொரப்பூர் கல்யாணத்து அரக்குப் புடவை

"அம்மா காலையில போயிட்டாங்க மாமா" என்று ஸ்டெல்லாவின் மகன் போன வாரம் போனில் சொன்னான். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றபோது, பழைய ஸ்டுடியோ ஆட்கள் நாங்கள் நாலு பேர் அவரைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவரை அறிந்தவர்கள் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எண்பதுகளில் தர்மபுரியில் ஒரே ஸ்டுடியோவில் வேலை பார்த்தோம். கல்யாண வீடியோ எடுப்பது நான். கலர் போட்டோக்களுக்கு நிறம் பார்த்துப் பிரிண்ட் போடுவது அவர். எந்தப் பிரிண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒருமுறை பார்த்துவிடுவார். "டியூப்லைட்டு பொய் சொல்லும்ங்க" என்பார்.

ஒருநாள் மொரப்பூரிலிருந்து ஓர் அம்மாள் புது மருமகளோடு வந்து ஆல்பத்தை மேசையில் போட்டார். "நான் எடுத்துக் குடுத்தது அரக்குப் பொடவைங்க. டிவியில போட்டுப் பாத்தா அரக்காத்தான் தெரியுது. போட்டோவுல செங்கல் கலரு! எம் பொடவை புடிக்காம, போட்டோவுக்கு மட்டும் வேற கட்டியிருக்கா."

"ஒரே பொடவைதாங்க அத்தை" என்று அந்தப் பெண் தேம்பினாள். என் வீடியோ தப்பித்ததென்று நான் நிம்மதியாக நின்றேன்.

ஸ்டெல்லா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தார். "பொண்ணு மாத்தலீங்கம்மா. பொடவையைப் பாக்காம பிரிண்ட் போட்டு, கலரை நான்தான் மாத்திட்டேன். நாளைக்கு உங்க வூட்டுக்கே வரேன். பொடவையை எடுத்து வையுங்க."

ஒரே படத்தை ஆறு விதமான சிவப்பில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டார். மறுநாள் இருவரும் மொரப்பூருக்குப் பஸ் ஏறினோம். தெருவே அந்த வீட்டில் கூடியிருந்தது. வீடியோவில் தாலி கட்டும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார் ஸ்டெல்லா. புடவையை டிவி பக்கத்தில் விரித்தார். திரையில் அது நிஜப் புடவையைவிடக் கருத்திருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் டிவியின் வெளிச்சத் திருகை மெல்லத் திருகினார். திரையும் புடவையும் ஒன்றான பிறகு, பிரிண்டுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தார்.

நாலாவதில் மாமியார் துள்ளி எழுந்தார். "இதான்! இதே பொடவை!" பிறகு மருமகளைப் பார்த்தார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன் கண்ணு. போய்க் கட்டிக்கிட்டு வா, எல்லாரும் பாக்கட்டும்."

அவள் கட்டிக்கொண்டு வந்து டிவி பக்கத்தில் நின்றாள். திரையில் ஒரு மணப்பெண், தரையில் ஒரு மணப்பெண். தெரு ஜனம் கைதட்டியது. கிளம்பும்போது ஸ்டெல்லா குங்குமம் வாங்கி அந்தத் திருகுக்கு ஒரு பொட்டு வைத்து, "இதைத் தாண்டி யாரும் திருகக் கூடாதுங்க, மறுபடியும் சண்டை வரும்" என்றார். மாமியார்தான் முதலில் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணத்தன்று என் விளக்கு ஒன்று எரியவில்லை என்பதையும், அதனால்தான் வீடியோ கருத்தது என்பதையும் சொன்னேன்.

"ஸ்டுடியோவுல உங்க டேப்பைப் போட்டுப் பாத்தப்பவே தெரியும்ங்க."

"அப்புறம் ஏன் பழியை நீங்களே ஏத்துக்கிட்டீங்க?"

"போட்டோ என் தப்புதானே. அதோட, அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது. யாரு தப்பு எவ்வளவுன்னு நாம பேசி முடிக்கிற வரைக்கும் அது அழுதுக்கிட்டே நிக்கணுமா?"

இன்று எனக்குச் சொந்தமாக ஸ்டுடியோ இருக்கிறது. குறை சொல்லிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால், அவர்கள் கையில் இருப்பதை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.