சிவந்தாலும் பயம், வெளுத்தாலும் பயம்

கவினாவுக்கு மூத்திரம் வெள்ளையாகப் போகிறது என்று அவள் அம்மா சுமதி சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு அது நல்ல சேதியாகப் படவில்லை.

"பாருங்க மிஸ்ஸி, செவப்பா வரும்னு பயமுறுத்துனீங்க. ஒண்ணுமே வரல. என் புள்ளைக்கு மருந்து நல்லா ஒத்துக்கிச்சு லா."

நான் அப்போது மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு அரசாங்கக் கிளினிக்கில் தாதி. தோட்டத்தில் யாரும் தாதி என்று கூப்பிட மாட்டார்கள். நேற்று வேலைக்கு வந்தவளும் மிஸ்ஸிதான், பென்ஷன் வாங்கப் போகிறவளும் மிஸ்ஸிதான். கம்போங் ராஜா ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு.

கவினாவின் அப்பா ராஜன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுபவர். வாரக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தார். இந்தக் குளிரில் யார்தான் இருமவில்லை என்று விட்டுவிட்டார்கள். சளியைச் சோதித்தபோது டிபி என்று வந்தது. அவரை வார்டில் சேர்த்துவிட்டு வீட்டிலிருந்தவர்களைச் சோதித்தோம். சுமதிக்கு ஒன்றுமில்லை. மூன்று வயதுகூட ஆகாத கவினாவுக்கு எக்ஸ்ரே சுத்தம். ஆனால் கையில் சோதனை ஊசி போட்ட இடம் தடித்திருந்தது. கிருமி உள்ளே போயிருக்கிறது, இன்னும் நோயாகவில்லை என்று அர்த்தம். இந்த வயதில் அது நோயாகிவிட்டால் மூளை வரைக்கும் போய்விடலாம். அதற்கு முன்னே தடுக்க மூன்று மாதம் மருந்து.

"சீக்கே இல்லாத புள்ளைக்கு எதுக்கு மிஸ்ஸி மருந்து?" என்று சுமதி கேட்டாள்.

"புல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே தேயிலைக்கு நடுவுல மருந்தடிக்கிறீங்கள்ல? அது மாதிரிதான்" என்றேன். சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

அந்த மருந்து மூத்திரத்தைச் செம்மஞ்சளாக்கும், சில குழந்தைகளுக்குச் சிவப்பாகவே போகும். அதில் ஆபத்து எதுவும் இல்லை. மருந்து உள்ளே போயிருப்பதை அந்த நிறமே சொல்லிவிடும். வெள்ளையாகப் போகிறது என்றால் மருந்து போகவில்லை.

வைட்டமின்

"மருந்து யாரு குடுக்குறா?" என்று கேட்டேன்.

"ஸ்டெல்லாக்காதான். வெறும் வயித்துல குடுக்கணும்னு சொன்னீங்கள்ல. நான் விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்குப் போயி பேரு குடுத்தாவணும். தூங்குற புள்ளய துண்டுல சுத்தி ஆயாக்கொட்டகைல விட்டுட்டுத்தான் போறேன்."

ஸ்டெல்லா அந்தக் கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயா. நாற்பதைத் தாண்டியவர், குரல் பெரிது, தொட்டில் ஆட்டும்போதே அடுத்த லயத்தோடு பேசக்கூடியவர். தாய்மார்கள் மருந்து, பால், மாற்றுத் துணி எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மலை ஏறுவார்கள்.

"ஸ்டெல்லாகிட்ட என்ன மருந்துன்னு சொன்ன?"

சுமதி வாசலைப் பார்த்தாள். "வைட்டமின்னு சொன்னேன்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ராஜனுக்கு நிமோனியா என்றுதான் லயத்தில் சொல்லி வைத்திருந்தாள். டிபி என்று தெரிந்தால் பிள்ளையைக் கொட்டகையில் சேர்க்க மாட்டார்கள். பிள்ளையை விட இடமில்லையென்றால் வேலைக்குப் போக முடியாது. ராஜன் வார்டில் கிடக்கும்போது அந்த வீட்டில் உலை வைப்பது இவள் சம்பளம்தான்.

அவளுடைய சம்மதம் இல்லாமல் நான் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. அதனால், "வா, ரெண்டு பேரும் போய்க் கேட்டுப் பார்ப்போம். என்ன சொல்லணும்னு நீயே முடிவு பண்ணு" என்றேன்.

சூடு

ஸ்டெல்லா எங்களைக் கண்டதும் தானாகவே ஆரம்பித்தார்.

"நல்லவேள வந்தீங்க மிஸ்ஸி! அந்த வைட்டமின நான் நிறுத்திட்டேன். பாம்பர்ஸக் கழட்டுனா செவசெவன்னு இருக்கு, எனக்கு உயிரே போயிருச்சு. புள்ளைக்கு ஒரே சூடு. பார்லித் தண்ணி காய்ச்சி ஊத்துறேன். இப்பதான் வெள்ளையாப் போவுது. வேல செய்யுற பொண்ணு, பயந்துரும்னு இவகிட்ட சொல்லல."

ரெண்டு ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளைக்குச் சூடாம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் பார்லி காய்ச்சிய அந்த மனசில் என்ன குறை? தெரிந்ததை வைத்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்.

நான் சுமதியைப் பார்த்தேன். அவள் கவினாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அது வைட்டமின் இல்ல. அவருக்கு டிபி. பாப்பாவுக்கு வந்துறக் கூடாதுன்னு குடுத்த மருந்து."

ஸ்டெல்லா சட்டென்று எழுந்து நின்றார். "ஏன்டி, எங்கிட்டயே மறைச்சியா? இத்தன புள்ளைங்க இருக்கற எடம்டி இது! மிஸ்ஸி, மத்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா?"

"கவினாகிட்டேருந்து ஒட்டாது ஸ்டெல்லா. அவளுக்கு நோயே இல்ல. வராம இருக்கத்தான் மருந்து."

ஸ்டெல்லா மறுபடி உட்கார்ந்தார். சுமதி அழ ஆரம்பித்தாள்.

"அழாத. நாளைக்கி எப்பவும் போல கொண்டாந்து விடு. மருந்த நான் குடுக்குறேன்" என்றார் ஸ்டெல்லா. பிறகு என்னிடம் திரும்பினார். "ஆனா மிஸ்ஸி, ராஜன் தெனமும் சாயந்தரம் இங்க வந்து ஒக்காந்து எல்லாப் புள்ளையையும் மடில வச்சுக் கொஞ்சுவானே. அதுங்கள யாரு பாக்கறது?"

எனக்குச் சுரீர் என்றது. வீட்டில் இருந்தவர்களைத்தான் நாங்கள் சோதித்திருந்தோம். கொட்டகை எங்கள் நினைப்பிலேயே இல்லை.

கலர்

ராஜனும் சுமதியும் சம்மதித்த பிறகு கொட்டகைப் பிள்ளைகள் எல்லாரையும் சோதித்தோம். அம்மாமார்களைக் கூட்டி உட்காரவைத்தது ஸ்டெல்லா. ஒருத்தி முகத்தைச் சுளித்தபோது, "ஒன் புள்ளய அவன் தூக்குனப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா?" என்று ஒரே போடாகப் போட்டார். அடுத்த லயத்துப் பையன் ஒருவனுக்கும் ஊசி போட்ட இடம் தடித்திருந்தது. அவனுக்கும் அதே மருந்தைத் தொடங்கினோம். சுமதி அன்று உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் அவனைக் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என் போனில் ஸ்டெல்லாவின் குரல் வந்துவிடும். "மிஸ்ஸி, ரெண்டுக்கும் கலர் வந்துருச்சு!" கிளினிக்கில் டாக்டரே, "இன்னைக்குக் கலர் வந்துச்சா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

இப்போது பணிக்கு வருகிற இளம் தாதிகளுக்கு ஒன்று சொல்வேன். தாயிடம் விளக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று கிளம்பாதீர்கள். பகலில் அந்தக் குழந்தையைக் கழுவிவிடுகிறவர் யார் என்று கேளுங்கள். தாயின் சம்மதத்தோடு அவரிடமும் போய்ப் பேசுங்கள். எனக்கு இதைப் புரியவைத்த அந்த இரண்டு பெண்களையும் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன். பயத்தோடு பயமாக ஒருத்தி உண்மையைச் சொன்னாள். கேட்டுவிட்டு இன்னொருத்தி கதவைச் சாத்தவில்லை.

மூன்று மாதம் முடிந்து மருந்து நின்ற பிறகு ஒரு காலையில் ஸ்டெல்லா போன் செய்தார்.

"மிஸ்ஸி, கவினாவுக்கு வெள்ளையாப் போவுது. பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு. நெசமாவே நல்லாதான இருக்கா?"

"நல்லா இருக்கா ஸ்டெல்லா" என்றேன். அந்தப் பக்கத்தில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.