இரண்டு பேர் இருந்த பத்தியம்

காலையில் எழுந்தால் என் விரல்கள் என் பேச்சைக் கேட்காது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சாக்பீஸைப் பிடிக்க முடியாமல், பிள்ளைகளையே போர்டில் எழுதவிட்டுச் சமாளித்த நாட்கள் உண்டு. மதுரை டாக்டர் அதற்கு முடக்குவாதம் என்று பெயர் சொன்னார். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. வலி பாதி குறைந்தது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நான் எரிந்து விழுந்ததெல்லாம் வீட்டுக்காரர் மேல்தான். மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். திட்டு வாங்க வீட்டில் வேறு ஆள் இல்லை, பாவம்.

அருப்புக்கோட்டையில் சித்த மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று அவர்தான் விசாரித்து வந்தார். எனக்கு நம்பிக்கையே இல்லை. எதையாவது அரைத்துக் கொடுத்துவிட்டு, மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ மதுரை ஃபைலை வாங்கி ஒரு தாள் விடாமல் படித்தார். மாத்திரையை ஒரு வாரம்கூட விடக் கூடாது, ரத்தப் பரிசோதனையும் நிற்கக் கூடாது, தான் கொடுப்பதையெல்லாம் மதுரை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கறாராகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கஷாயம், கைக்குத் தைலம், வெந்நீரில் விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சி எல்லாம். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பத்தியம். புளி, கத்தரிக்காய், கருவாடு கிடையாது.

வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புளிக்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மனிதர், அன்றிலிருந்து என்னோடு சேர்ந்து மிளகு ரசம் சாப்பிட்டார். தினமும் சாயங்காலம் வயக்காட்டு வேலை முடிந்து வந்ததும் தைலத்தைச் சுடவைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துவிடுவார். முள் குத்திக் காய்த்துப்போன அந்தக் கைக்கு அவ்வளவு பதம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

தேய்த்து முடித்து, ராத்திரிச் சாப்பாடும் ஆனதும் தலையணையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

கேட்டால், மேலே காற்று நன்றாக வருகிறது என்றார். மார்கழிக் குளிரில் என்ன காற்று? இருபத்திரண்டு வருஷத்தில் சண்டை போட்ட நாளில்கூடத் தனியாகப் படுத்தவரில்லை. மூன்றாம் நாளே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தைல வாடை, வீங்கிப்போன கை, இந்த வாய். மனுஷனுக்கு நான் சலித்துவிட்டேன். கடமைக்குத் தேய்த்துவிடுகிறார், அவ்வளவுதான்.

விரல் வலியைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. நேராகக் கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. அதற்குப் பதிலாக, மாடி வீட்டு மைனருக்கு இட்லியை மேலே அனுப்பவா என்று குத்திக் காட்டினேன். அவர் இருமிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

நாற்பது நாள் கழிந்திருக்கும், ஒரு காலையில் ஜாக்கெட் கொக்கியை நானே மாட்டினேன். ஒரு வருஷமாக முடியாத காரியம். ஓடிப்போய் அவரிடம் காட்ட வேண்டும்போல் இருந்தது. காட்டவில்லை. அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன்.

மண்டலம் முடிந்ததும் இரண்டு பேரும் போனோம். டாக்டரம்மா என் கையை மடக்கச் சொல்லிப் பார்த்தார். முழுதாக மடங்காவிட்டாலும் முகம் மலர்ந்தது. மாத்திரையோடு சேர்த்து இன்னொரு மண்டலம் இதே மாதிரி இருக்கச் சொன்னார். வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னொரு மண்டலமா டாக்டரம்மா? அதுவரைக்கும் நான் மாடியிலயேதான் படுக்கணுமா?"

யார் உங்களை மாடியில் படுக்கச் சொன்னது என்று அவர் திகைத்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"பத்தியம்னு சொன்னீகள்ல. எங்க பக்கம் பத்தியம்னா புருசன் பொண்டாட்டி தள்ளித்தான் படுக்கணும்னு சொல்லுவாக. இல்லாட்டி மருந்து வேலை செய்யாதாம்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இந்த மருந்துக்கு அப்படியெல்லாம் கிடையாது ஐயா, சாப்பாட்டில் மட்டும்தான் பத்தியம் என்றார். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் நாற்பத்தெட்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

ஊர் திரும்பத் திருச்சுழி பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் கோபம் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே, நான் என்னென்னவோ நினைத்துச் செத்துப்போனேன் என்று கேட்டேன்.

"சொன்னா, அப்பிடியொரு மருந்தே எனக்கு வேணாம்னுருவ. ஒனக்குக் கை வரணும்ல."

நிஜம்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கே கஷாயத்தைக் கொட்டியிருப்பேன்.